ஜோடிக் குரல்

சதுரங்கப்பட்டினத்துக் கல்யாண வீடுகளில் ராபியா ஓர் அடி பாடுவாள். அடுத்த அடியை அக்கா சுல்தான் பீவி பிடிப்பாள். அக்கா மௌத்தாகி, அடக்கமாகி வருஷமாகியும், அவளுக்கான இடைவெளியை விட்டுத்தான் ராபியா பாடினாள். சென்னையில் ரிக்கார்டிங்கின்போதும் அப்படித்தான்.

மாதிரி இசைத்தட்டும் ஒப்பந்தமுமாக கம்பெனி ஏஜெண்ட் வீடு தேடி வந்தார். தட்டு சுழன்றது. பாட்டில் எங்கும் இடைவெளியே இல்லை.

"இன்னாம்மா இது? கூடப் பாடுனது யாரு? அவங்களும் ஒத்துக்கினாத்தான் தட்டு வெளிய வரும்."

"எங்க அக்கா! இன்னா கொரலு, பாத்தீங்களா? எம் பேருக்கு மேல அவ பேரப் போடுங்க. அவளுக்குக் கைநாட்டுதான்."

மைப்பெட்டியைப் பக்கத்துக் காலி நாற்காலியின் முன் நகர்த்தினாள் ராபியா.

ஒப்பந்தத்தில் அக்கா பெயரை எழுதிவிட்டு ஏஜெண்ட் பேனாவை மூடுவதற்குள், அந்தப் பெயரருகே கட்டைவிரல் ரேகை ஈரமாகப் பளபளத்தது.

"ஊதி ஆறவைங்க அண்ணாத்த, கலைஞ்சிடப் போவுது," என்றாள் ராபியா.