கிடத்தி வைத்த ரிசீவர்

தேவதானத்தில் எங்கள் தெருவுக்கே போன் எங்கள் வீட்டில்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் ரிசீவரை மேஜைமேல் கிடத்திவிட்டு ஓடிப்போய்க் கூட்டிவருவேன். வெள்ளத்தாயக்கா பேசிப்போனால் அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பியிருக்கும், திட்டிக்கொண்டே துடைப்பேன்.

அக்கா இறந்த அன்று, பட்டாளத்திலிருந்த அவள் மகன் முத்துராமலிங்கத்துக்குத் தந்தி அடித்தோம். சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"அம்மாவக் கூப்பிடுங்க சித்தி."

தந்தி கிடைக்கவில்லை போலும். அவனுடைய தாய்மாமனே சொல்லட்டும் என்று ரிசீவரைக் கிடத்திவிட்டு, அக்காவைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு ஓடினேன்.

மாமாவோடு திரும்பிவந்து ரிசீவரை எடுத்தேன்.

"அம்மா பேசிட்டாவ சித்தி. லீவு போட்டு அலைய வேண்டாம்னுட்டாவ. வச்சிருதேன்."

வைத்துவிட்டான்.

"சொல்லிட்டியா தாயி?" என்றார் மாமா.

நான் ரிசீவரில் அப்பியிருந்த ஈரச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.