அரை இட்லி

என் வயிற்றில் வந்த புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, பாதி இரைப்பையோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். கையோடு மணிக்கட்டில் ஒரு பட்டையையும் கட்டி அனுப்பினார்கள். என் வயது, எடை, நடை, சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்து, நான் ஐந்து வருஷம் பிழைப்பேனா என்று அந்தப் பட்டை தினமும் நூற்றுக்கு ஒரு நம்பர் போடும். அது மகன் சேர்மராஜின் போனுக்கும் போகும்.

முன்பெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டால் "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பான். இப்போது, "எழுபத்திமூணுதான் காட்டுது, என்னம்மா பண்ணினே?" என்கிறான்.

போன வாரம் நம்பர் அறுபத்தெட்டுக்கு இறங்கியது. மறுநாளே வந்து நின்றான். "இனிமே உனக்கு எதுக்கும்மா இது?" என்று என் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டான்.

இன்று காலை ஆட்டோ பிடித்துப் போய் மெஷினைத் திருப்பி எடுத்துவந்தேன். வந்ததும் பட்டையைக் கழற்றி மெஷின் டிராயருக்குள் போட்டு மூடினேன். எதிர்வீட்டு ரஹமத்தின் ஜாக்கெட் துணியை வெட்டிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

போன் அடித்தது.

"அம்மா, நம்பரே வரலையே! என்ன ஆச்சு?"

"முதல்ல சாப்பிட்டியான்னு கேளுடா."

"சாப்பிட்டியாம்மா?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணரை இட்லி உள்ள போயிருக்கு. தட்டுல இன்னும் அரை இட்லி இருக்கு. போனை வை, அதையும் சாப்பிட்டுட்டு ஜாக்கெட் தைக்கணும்."