அப்புறத்துக்கு அவசரம்

“இன்னிக்காவது நேரத்துக்குக் கிளம்புடா” என்று தம்பியின் தலையைச் சீவிவிட்டாள் அக்கா. தள்ளுகட்டிலில் கண்மூடிக் கிடந்தவன் வழக்கம்போல் காதில் வாங்கவில்லை.

வீட்டில் அவனுக்கு ‘அப்புறம்’ என்று பெயர். பிறந்ததே டாக்டர் குறித்த தேதிக்குப் பிந்தித்தான். வேலைக்கான இன்டர்வியூவுக்கு மறுநாள் போய், ஏன் யாரும் காத்திருக்கவில்லை என்று சண்டை போட்டவன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சித்தப்பா வழிமறித்தார். “ஒரு சொட்டு தொட்டதில்ல. இவன் லிவருக்கா இந்த ஆபரேஷன்? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வேணாம்னு சொல்லிடு.”

“நீங்க வேணாம்னு சொல்லி நான் எதைச் செய்யாம விட்டிருக்கேன், சித்தப்பா?”

“வயித்தைக் கிழிக்கணுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேர்கிட்டயா அவன் ஆசையைச் சொன்னான்? என்கிட்ட சொன்னான். வழிவிடுங்க.”

டாக்டர் வந்தார். “நேரம் தாண்டிட்டா லிவர் உபயோகப்படாதும்மா. இவரைத் திரும்ப வார்டுக்கே கொண்டுபோயிடுவோம்.”

“தெரியும் டாக்டர். பக்கத்துலயே இருந்து விரட்டறேன்.”

“ஆபரேஷன் பண்றவங்க அடுத்த ரூம்ல ரெடி. நான் கூப்பிடற வரைக்கும் அவங்க இவர் பக்கமே வரக்கூடாது.”

“அறுக்கறவங்களே ஆளைப் பார்க்கக்கூடாதாம். நல்ல ஆஸ்பத்திரி” என்று சித்தப்பா சுவரிடம் முறையிட்டார்.

உள்ளே, அவன் காதருகே குனிந்து அக்கா விடாமல் திட்டினாள். “அடுத்த ரூம்ல எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்க. இப்பவும் அப்புறம்னு சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்.” பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் யாரையும் பார்க்காமல் ஓடியது.

கடைசியில் டாக்டர் தலையசைத்து, அவளை மெதுவாக வெளியே அனுப்பினார். அடுத்த அறைக் கதவு படாரென்று திறந்தது.

சித்தப்பா ஓடிவந்தார். “என்னம்மா, இன்னிக்கும் லேட்டா?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“இனிமே எவனாவது அவனை லேட்டுன்னு சொல்லட்டும் பார்க்கலாம். மூச்சு மெஷினை எடுத்ததும், குடுக்கறேன்னு சொன்ன லிவர் கெடறதுக்குள்ள செத்துட்டான்.”