பின் டயரின் வயது

"செத்தவன் வண்டியிலயுமாய்யா கை வைப்ப?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் தகரக் கொட்டகையே அதிர்ந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த டயர்க்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் அரம். மடியில் உப்புத்தாள்.

வார விடுமுறையில் ஆசைக்காரர்கள் சொந்த பைக்கைக் கொண்டுவந்து வேகமாக ஓட்டிப் பார்க்கும் பந்தயத் தடம் அது. மூன்று வாரத்துக்கு முன்னால் மூன்றாவது வளைவில் இந்த வண்டி வழுக்கி விழுந்தது. ஓட்டியவர் பிழைக்கவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதோடு சரி, வண்டி கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

அதன் பின் டயரில் இருந்த நம்பரைத்தான் டயர்க்காரர் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நாலு நம்பர். முதல் ரெண்டும் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். அதை அழிச்சிட்டுப் புதுசுன்னு எவன் தலையிலயாவது கட்டலாம்னு பாத்தே. எத்தனை வருஷத்து டயர் இது?"

"ஒன்பது சார்."

"ஒன்பது! டயர் மேல இருக்கற பட்டன் தேயாம இருந்தாப் போதுமா? சும்மா வெச்சிருந்தாலே ரப்பர் காஞ்சு இறுகிடும். எத்தனை சுத்து ஓட்டினாலும் பிடிமானம் வராது, வளைவுல சாய்ச்சா ஆளைத் தூக்கிப் போட்டுடும். ஆறு வருஷம் தாண்டின டயரைத் தடத்துல விடக்கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டினது யாரு? நான்! தெரிஞ்சும் இன்னொருத்தன் உசுரோட விளையாடப் பாக்கறியே, நீயெல்லாம் மனுஷனா?"

சட்டம் பேச ஆரம்பித்தால் சூப்பர்வைசரை நிறுத்துவது கஷ்டம். டயர்க்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் மெல்லச் சொன்னார்.

"அன்னைக்குக் காலையிலயே யாராவது குனிஞ்சு பாத்திருக்கலாம் சார்."

சூப்பர்வைசரின் குரல் இன்னும் உயர்ந்தது.

"பேச்சை மாத்தாதே! சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனிமே கேட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது."

"போயிடறேன் சார். ஒரு பத்து நிமிஷம் மட்டும் குடுங்க. முடிச்சிடறேன்."

"எதை முடிக்கப்போற? திருட்டையா?"

எட்டு வருஷம் உழைத்த இடம். ஐம்பது வயசுக்கு மேல் எவன் வேலை தருவான்? அதையெல்லாம் சொல்லிக் காலில் விழுவார் என்றுதான் சூப்பர்வைசர் எதிர்பார்த்தார். மனுஷனோ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, டயரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

திமிரைப் பார், என்று நினைத்துக்கொண்டார் சூப்பர்வைசர்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. இறங்கி வந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கலாம். துணைக்கு வந்த தம்பியை லாரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துட்டுப் போக வந்தேன் சார். டயர் வேலை பாக்கற அண்ணன் இல்லையா?"

"வெளிய போயிருக்கார். என்னம்மா விஷயம்?"

"நேத்து போன் பண்ணினப்போ அவர்தான் எடுத்தாரு. டயர்ல நாலு நம்பர் இருக்குமாமே, அதைப் பாத்தா வயசு தெரியுமாமே? எதுக்குன்னு சொல்லி, எங்க இருக்கும்னு கேட்டேன். வாங்கம்மா, நானே காட்டறேன்னாரு."

"அது எதுக்கும்மா இப்போ?"

"அந்தப் பின் டயரை எங்க வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு நான்தான் சார் வாங்கிக் குடுத்தேன்." அவள் வண்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒருத்தர் வீட்ல சும்மா கிடந்துச்சு. பட்டன் தேயவே இல்ல, பாக்கப் புதுசு மாதிரி இருந்துச்சு. நம்பி வாங்கிட்டேன். பழைய டயர்னா வழுக்கும்னு இப்பத்தான் சொல்றாங்க. மூணு வாரமா கண்ணை மூட முடியல. நானே அவரைக் கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும் சார்."

சூப்பர்வைசருக்கு அந்தப் பத்து நிமிஷம் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. வாசல் பக்கம் பார்த்தார். டயர்க்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

அவள் அதற்குள் சக்கரத்தருகே உட்கார்ந்து தடவித் தேட ஆரம்பித்திருந்தாள். சூப்பர்வைசரும் அவசரமாகக் குனிந்தார். மூன்று எண்கள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கடைசி எண் மட்டும் மிச்சம். அதைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"தேடாதீங்கம்மா. தரையில உரசினதுல நம்பர் போயிடுச்சு. ஆனா நான் அன்னைக்கே பாத்தேன். புது டயர்தான்."

"நிஜமாவா சார்? உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் டயரின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோதும் கேட்டாள்.

"அப்போ நான் கொல்லலையே சார்?"

"இல்லம்மா. நீங்க கொல்லலை."

அவர் அவளிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. விபத்து நடந்த அன்று காலை வரிசையில் நின்ற நாற்பது வண்டிகளுக்கும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, 'டயர் வயது சரி' என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளியது அவர்தான்.