மசெடோனியோ கேட்டது

மசெடோனியோ கிழவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டேதான் வந்தார். வந்ததும் நொயெமியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். பெற்ற மகனையே வெட்டிக் கொன்றவர் என்று முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வஹாக்கா மாநிலச் சிறையில் வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாதாடுகிறவள் நொயெமி. சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, தூக்கத்தைத்தான் தருவதில்லை.

கிழவருக்கு ஸ்பானிஷ் வராது. இதுவரை மொழிபெயர்த்தவர் கடலோரத்து ஹெனாரோ. கிழவர் மலைக்காரர். ரெண்டு பேரும் மிஷ்டெக் பழங்குடி இனம்தானே, போதும் என்றுவிட்டது கோர்ட். இன்று ஹெனாரோவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக மலையிலிருந்து எவெலியா டீச்சர் வந்திருந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். குத்தத்தை ஒத்துக்கிட்டா தண்டனை பாதியாக் குறையும். சம்மதமான்னு கேளுங்க, போதும். நான் அடுத்த கேஸுக்கு ஓடணும்."

"இந்த வயசுல பாதியென்ன, முழுசென்ன?"

"கடைசி மூச்சையாவது வீட்டுல விடட்டும்னு நாயா அலைஞ்சு வாங்கியிருக்கேன்."

"அவர்தான் செஞ்சாரா?"

"சோளக்காட்டுல பொணத்தை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. போலீஸ் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினாரு. நான் வர்றப்பல்லாம் ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுவாரு. மன்னிப்புக் கேக்கறாருன்னு ஹெனாரோ சொல்வாரு."

கொலை செய்தவர் மேல் இவ்வளவு பாசம் ஆகாது என்று நொயெமி தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் பாசம் வந்துவிட்டது, என்ன செய்ய?

டீச்சர் குசலம் விசாரித்ததுதான் தாமதம், கிழவர் முகம் மலர்ந்தது. டீச்சரை மேலே பேசவே விடவில்லை. மடை திறந்தது போலக் கொட்டினார். நடுவே நொயெமிக்குப் பின்னாலிருந்த கதவை எட்டி எட்டிப் பார்த்தார். வழக்கமாக அழுகிற இடம் வந்ததும் அழுதார்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன, சம்மதமாமா?" என்றாள் நொயெமி.

"வக்கீலம்மா, கடலோரத்துக்காரங்க பேசறது எங்க மலையில யாருக்கும் புரியாது. இனத்தோட பேருதான் ஒண்ணு, பேச்சு வேற. ஹெனாரோவுக்கும் இவர் சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரிஞ்சிருக்காது, அழுகையைப் பார்த்து ஊகிச்சுச் சொல்லியிருப்பாரு."

"அப்ப, இவர் தலையாட்டினது?"

"பெரிய மனுசங்க கேக்கறாங்களேன்னு மரியாதைக்கு ஆட்டியிருக்காரு. தனக்கு ஆபத்து வரக்கூடாதுன்னுதான் நீங்க இங்க வச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

நொயெமி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிழவர் அவள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பத் திரும்ப என்னதான் சொன்னாரு?"

"சொல்லலம்மா, கேட்டிருக்காரு." டீச்சர் கிழவரின் வார்த்தைகளை அப்படியே சொன்னார். "'எம் மவனைக் கொன்னவனைப் புடிச்சிட்டியா, தாயீ?'"