மீன் பக்கிளுக்குச் சோடி

இடுப்பு வாரில் மாட்டும் பழைய வெள்ளிப் பக்கிள் என்றால் கண்டி ஹபீல் முதலாளிக்கு உயிர். அதிலும் தெல்தெனியத் தட்டான் ஒருவர் மீன் பொறித்துச் செய்த பக்கிள், அவர் அலுமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பத்து வருடமாக அதற்குச் சோடி தேடினார். மனைவி றலியா கேட்ட தையல் மெசினைக்கூட அதற்காகவே தள்ளிப்போட்டு வந்தார்.

ஒருநாள் தரகர் முனாப் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவர் வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் விற்கிற பெண். இந்தப் பக்கம் முதலாளி, கையில் அவள் விற்கக் கொண்டுவந்த மீன் பக்கிள்.

"என்னிட ஈக்கிறதுக்கு அச்சு அசல் சோடி, முனாப் நானா," என்றார் முதலாளி.

"கோஷாப் பொம்பள, குரலும் காட்டமாட்டா," என்றார் முனாப். "வளையல் ஒருதரம் குலுங்கினா இல்ல, ரெண்டுதரம் குலுங்கினா சரி."

"முப்பது ரூபா?"

ஒருமுறை குலுங்கியது.

"நாப்பது?"

மறுபடியும் ஒருமுறை.

"பொல்லாத பொம்பள. இவவக் கட்டின மனிசன் பாவம். சரி, அறுவது?"

இரண்டுமுறை குலுங்கியது.

முதலாளி நேரே பள்ளிக்குப் போய் நன்றித் தொழுகை தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தார். மீன் பக்கிள் வைத்திருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"றலியா, இங்க ஈந்த பக்கிள வித்தியா?"

குசினிக் கதவுக்குப் பின்னால் வளையல் இரண்டுமுறை குலுங்கியது.