சித்திக்குப் பிடித்த கேமரா

அலெக்சாந்திரியாவில் கல்யாணம். புது டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைப் புகைப்படக்காரர் வக்தி காட்டியதுமே மணப்பெண்ணின் சித்தி இன்ஷிராஹ் அலறினாள்.

"ஐயோ, இதென்ன இவ்வளவு குண்டா! முதல்ல அழிங்க!"

அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். எத்தனை தடவை எடுத்தாலும் அதே அலறல். கேக் வெட்டக் கத்தியோடு காத்திருந்த மாப்பிள்ளை நெளிந்தார்.

"உங்க பழைய ஃபிலிம் கேமரா எங்கே? அதுல எத்தனை கல்யாணத்துல என்னை எடுத்திருப்பீங்க! எந்த ஆல்பத்துலயாவது நான் குண்டா இருக்கேனா?"

வக்தி பையிலிருந்து அதை எடுத்தார். பளிச், பளிச்! சித்தி குலவையிட்டபடி நாற்காலிக்குத் திரும்பினாள்.

"ஃபிலிம் இன்னுமா கிடைக்குது அண்ணே?" என்றார் மாப்பிள்ளை.

"இது சித்திகளுக்குன்னே வச்சிருக்கிற கேமரா தம்பி. இதுல நான் என்னைக்குமே ஃபிலிம் போட்டதில்லை."